போண்டாவுக்குள் சோறு

உங்கள் பையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அக்கா. அதில் போட்டிருக்கிற எலுமிச்சம்பழப் படம் எனக்குத் தெரிந்த படம். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் புதிதாக ஓர் இத்தாலி ஓட்டல் திறந்திருக்கிறார்களே, அங்கே வாங்கியதுதானே? மகன் வாங்கி வந்தாரா? நன்றாக இருந்ததா?

எனக்கும் அப்படித்தான் பட்டது. உப்பு கம்மி. ஆனால் நான் அங்கே அதிகம் சாப்பிடவில்லை, அதனால் குறை சொல்லக் கூடாது.

ஆமாம், போயிருக்கிறேன். ஒரே ஒரு தடவை, திறந்த புதிதில். என்னைப் பெண் பார்த்தது அந்த ஓட்டலில்தான்.

சிரித்தால் பரவாயில்லை. கேட்கிற எல்லோருக்கும் சிரிப்புத்தான் வரும். எல்லோருக்கும் என்று சொல்வதும் சரியில்லை, நான் இதை இதுவரை அம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு வந்தது, அவ்வளவுதான்.

உள்ளே இன்னும் நேரம் ஆகும். உங்கள் வீட்டுக்காரருக்குப் பேச்சுப் பயிற்சியில் இன்றைக்குத்தானே முதல் நாள்? முதல் நாள் நாக்கை நீட்டச் சொல்வார்கள், கன்னத்தை உப்பச் சொல்வார்கள், ஊதச் சொல்வார்கள். என் அம்மாவும் அப்படித்தான் ஆரம்பித்தார். பக்கவாதம் வந்தால் கை கால்தான் போகும் என்று நினைத்திருந்தேன். பேச்சும் போகும் என்று அம்மாவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அறிவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அக்கா. நாம் பேசுவதெல்லாம் புரிகிறது. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. சொல்ல நினைப்பது மட்டும் வெளியே வராது. டீச்சராக இருந்தவர். வராந்தாவில் நின்று ஒரு சத்தம் போட்டால் கடைசி வகுப்பு வரைக்கும் அடங்கும்.

கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

எங்கள் வீட்டில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய பெண், அம்மா, நான். மாடியில் அவர்கள், கீழே அம்மாவும் நானும். அண்ணன் பெயர் லோகநாதன். அப்பா இல்லாத குறை தெரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டவர். நான் கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்து ஒரு காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இப்படி ஆனதும், "ரெண்டு எடத்துலயும் நீ அலைய வேண்டாம் சுகந்தி, உடம்பு கெட்டுப்போயிரும்" என்று அண்ணன்தான் சொன்னார். வேலையை விட்டேன். இப்போது காலையில் அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, சமைத்து, அண்ணிக்கு டப்பா கட்டி, பாப்பாவைப் பள்ளிக்கூட வேன் ஏற்றிவிட்டால் பதினொரு மணி. அலைச்சல் கிடையாது. அண்ணன் சொன்னது சரிதான்.

வரன் வராமல் இல்லை. வந்தது. ஒருத்தருக்கு முன்னால் வழுக்கை. எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னார். இன்னொருத்தர் வீட்டில் வாசற்படி தெற்குப் பார்த்தது. இன்னொருத்தர் நல்லவர்தான், திருப்பூரில் பனியன் கம்பெனி, ஆனால் அவருடைய அம்மா பேசும்போது அண்ணியைப் பார்த்துப் பேசவில்லையாம். அண்ணன் அவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பார். "உன்ன எங்கயோ தள்ளிவிட்டோம்னு இருக்கக் கூடாதில்ல" என்பார். சில பேருக்கு அண்ணன் இருந்தும் இல்லாத மாதிரி. எனக்கு அப்படி இல்லை.

கடைசியாக வந்த வரன் ஜெகதீஷ். இப்போது பெயரைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன். கணபதி ஏரியாவில் ஒரு பவுண்டரியில் அச்சு வடிவமைக்கிற வேலை. அப்பா இல்லை. அம்மா மட்டும். தெய்வானையம்மாள்.

உங்கள் பக்கம் எப்படியோ, எங்கள் பக்கம் கை நனைப்பது என்று ஒன்று உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிப்பார்கள், பலகாரத்தைத் தொடுவார்கள், சோறு மட்டும் சாப்பிட மாட்டார்கள். சோற்றில் கை வைத்துச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் பின்வாங்கக் கூடாது. அதனால் மதிய நேரத்துக்குப் பெண் பார்க்க யாரும் வர மாட்டார்கள். வந்தாலும் பன்னிரண்டு மணிக்கு எழுந்துவிடுவார்கள்.

இவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் ஒழிந்தது. அண்ணன் யோசித்தார். "வீட்டுக்கு வந்தா சோறு போடாம அனுப்ப முடியாது. போட்டா முடிஞ்சுது. பொது எடமாப் பாப்போம்" என்றார். அண்ணிதான் அந்த ஓட்டலைச் சொன்னார், போனில் படமெல்லாம் பார்த்திருந்தார். "அங்க சாப்பாடே கெடையாது, எல்லாம் சின்னச் சின்னத் தட்டுல பலகாரம் மாதிரிதான். ரெண்டுங்கெட்டான். அதுக்குக் கை நனைச்சதாக் கணக்கு வராது" என்றார். "அதோட அவுங்க எப்படிப் பழகறாங்கன்னும் தெரிஞ்சிரும்." எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அக்கா. என் ஒருத்திக்காக அவ்வளவு பெரிய இடத்தில் மேசை சொல்லி வைத்தார்கள்.

அம்மாவையும் பாப்பாவையும் பக்கத்து வீட்டு ராஜாமணி அக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு நான் அம்மா இல்லாமல் வெளியே போனது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அவர்கள் எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். எனக்குப் பேச வராது, அக்கா. ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. ரப்பர் செருப்பு, ஓரமாக, சேர்த்து வைத்திருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் தெய்வானையம்மாள் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறார். அண்ணி பார்த்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, இது கோயில் இல்லீங்களே, செருப்ப வெளிய விட்டுட்டு வந்துட்டீங்க."

"சாப்புடற எடத்துக்குச் செருப்போட எப்படி அம்மிணி வாறது? எல்லாரும் வர்றாங்க, நான் வேண்டாங்கல. எனக்குத்தான் சோறு எறங்காது."

"இங்க சோறு கெடையாதுங்கம்மா" என்று அண்ணி சிரித்தார்.

"அப்ப செருப்போடயே வந்திருக்கலாம்" என்று அவரும் சிரித்தார். பக்கத்தில் ஜெகதீஷும் சிரித்தார். அம்மாவைப் பற்றி அவர் கூச்சப்படவே இல்லை. அதை நான் கவனித்தேன். அவருடைய இடது கை விரல் இரண்டில் பழைய தீக்காயத் தழும்பு இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

பரிமாறுகிற பையன் வந்து சொன்னான், தட்டுகள் ஒவ்வொன்றாகத்தான் வரும், எல்லோரும் பகிர்ந்து சாப்பிட வேண்டும், அதுதான் அங்கே முறை என்று. அண்ணன் கேட்டார், "ஏப்பா, மொத்தமா வெச்சிட்டுப் போக மாட்டீங்களா?" அவன் பணிவாகச் சிரித்தான். விலைப் பட்டியல் முழுக்க வாயில் நுழையாத பெயர்கள். ஜெகதீஷ் எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்து என்னைக் கேட்டார், "உங்களுக்கு எது வேணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "அவளுக்கு எதுன்னாலும் சரிங்க" என்றார்.

அது உண்மைதான். எனக்கு எதுவென்றாலும் சரி. ஆனாலும் அவர் கேட்டதை நான் மறக்கவில்லை. என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று இல்லை, கேட்டிருப்பார்கள். இவர் கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

என்ன படித்தீர்கள் என்று கேட்டார். அண்ணி சொன்னார். காலேஜில் என்ன பாடம் எடுத்தீர்கள் என்று கேட்டார். அண்ணன் சொன்னார். எனக்குப் பேச வராது என்று அவர்களுக்குத் தெரியும் இல்லையா, அதனால் எனக்குச் சிரமம் வைக்கவில்லை. திரும்ப வேலைக்குப் போக ஆசை இருக்கிறதா என்று ஜெகதீஷ் கேட்டபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் தட்டு வந்துவிட்டது.

இங்கேதான் ஒரு விஷயம். நாங்கள் ஐந்து பேர். ஆனால் அந்த ஓட்டலில் எந்தத் தட்டு வந்தாலும் அதில் நான்குதான் இருந்தது. முதலில் வறுத்த ரொட்டி, மேலே தக்காளி. நான்கு. "ரொட்டி மேல தொக்கு வெச்சிருக்கான்" என்றார் தெய்வானையம்மாள். அடுத்தது கத்திரிக்காயைப் பாய் மாதிரி சுருட்டி உள்ளே சீஸ். அதுவும் நான்கு. ஒன்று குறைந்தால் அது என்னுடையது, அக்கா. அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலும் அப்படித்தான், கடைசியில் தோசை ஊற்றுகிறவளுக்கு மாவு இருந்தால் உண்டு. "எனக்கு வேண்டாங்க, பசியில்ல" என்று இரண்டு தடவையும் சொன்னேன். அண்ணி, "அவ எப்பவும் கோழி கொத்தற மாதிரிதான்" என்றார்.

மூன்றாவது தட்டில் போண்டா மாதிரி உருண்டை. பொன்னிறமாக, பொரபொரவென்று, கீழே சிவப்பாக ஏதோ சாறு. அதுவும் நான்கு. அண்ணன் ஒன்று எடுத்தார், அண்ணி ஒன்று, தெய்வானையம்மாள் ஒன்று. கடைசி ஒன்றை ஜெகதீஷ் எடுத்துத் தன் தட்டில் வைத்தார். வைத்துவிட்டுக் கத்தியால் சரிபாதியாக வெட்டினார். ஒரு பாதியை முள்கரண்டியால் எடுத்து, மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி என் தட்டில் வைத்தார். தலையை நிமிர்த்தவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் தெய்வானையம்மாள் தன்னுடையதைக் கையால் பிட்டார்.

"ஏனுங்க. உள்ள சோறுங்க."

எல்லோரும் பார்த்தோம். உண்மையிலேயே சோறுதான். குழைந்த சோறு, நடுவில் இரண்டு பச்சைப் பட்டாணி, நூல் நூலாகச் சீஸ். அண்ணன் வாயில் போட்டிருந்ததை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"பையன் பாதிச் சோத்த எடுத்து புள்ளைக்கு வெச்சுட்டான் போங்க" என்றார் அந்த அம்மாள். முகமெல்லாம் சிரிப்பு. "நாம முடிவு பண்ண வேண்டியதே இல்ல. அதுவா முடிஞ்சுது. கை நனைச்சாச்சு."

"அது போண்டாங்க" என்றார் அண்ணன். "போண்டாவெல்லாம் கணக்குல வராது."

"உள்ள சோறு இருக்குதேங்க."

அண்ணன் பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டார். இது என்னவென்று கேட்டார். "ரைஸ்தான் சார். இத்தாலியன் ரைஸ்" என்றான்.

"பாத்தீங்களா, அது அவுங்க அரிசி. நம்ம சோறு இல்ல."

"அரிசில என்னங்க அவுங்க அரிசி, நம்ம அரிசி. வேகவெச்சாச் சோறு."

அண்ணி விடவில்லை. "அப்படிப் பாத்தா இட்லி சாப்ட்டாலும் கல்யாணந்தானுங்களா?"

"இட்லி மாவு அம்மிணி. இதுல பருக்கை தெரியுது பாரு" என்று விரலில் எடுத்துக் காட்டினார்.

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் சிரிப்பாகவும் இருந்தது. அப்புறம் அந்த அம்மாள் அண்ணனைப் பார்த்துத் தன்மையாகச் சொன்னார், "தம்பி, உங்கம்மாவ நெனச்சு யோசிக்காதீங்க. எங்க வீடு தரையோட இருக்குது, படி கெடையாது. அவுங்களையும் புள்ளையோடயே வெச்சுக்கலாம். எனக்கும் பேச்சுத் தொணையாச்சு."

"அவுங்களுக்குத்தான் பேச்சே வராதே" என்றார் அண்ணி.

"பரவால்ல. நான் பேசறேன், அவுங்க கேக்கட்டும்."

அண்ணன் தண்ணீரை எடுத்து முழுதாகக் குடித்தார். அம்மா வேறு வீட்டுக்குப் போவதா என்று அவருக்கு மனம் கலங்கிவிட்டது என்று நினைக்கிறேன். அம்மாவின் பென்ஷன், வீட்டு வரி, எல்லாம் அவர்தானே பார்த்துக்கொள்கிறார். என்னைவிட அவருக்குத்தான் அம்மா மேல் பொறுப்பு அதிகம்.

ஜெகதீஷ் தன் பாதியை எடுத்து வாயில் போட்டார். மென்று விழுங்கினார். "நான் சாப்ட்டாச்சுங்க. எனக்குச் சம்மதம்" என்றார். "இனி அவங்க இஷ்டம்."

எல்லோரும் என் தட்டைப் பார்த்தார்கள். என் முகத்தை இல்லை, தட்டை. அதில் அந்தப் பாதி உருண்டை. நான் முள்கரண்டியைக் கையில் எடுத்துவிட்டேன், அக்கா. குத்தியும்விட்டேன்.

அப்போது அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "மணி ரெண்டாச்சு. அம்மா இந்நேரம் சாப்பிட்டிருக்க மாட்டாங்க. நீ ஊட்டலைன்னா வாயத் தொறக்க மாட்டாங்களே." கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்ல, நீ சாப்புடு சுகந்தி. உன் இஷ்டம்" என்றார்.

அதைக் கேட்ட பிறகு எப்படி வாயில் வைப்பது, நீங்களே சொல்லுங்கள். அம்மா கட்டிலில் வாயை மூடிக்கொண்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது என் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. நான் இங்கே நல்ல நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். முள்கரண்டியைக் கீழே வைத்தேன். மேசையில் இருந்த காகிதத் துண்டை விரித்து, உருண்டையை அதில் வைத்துப் பொட்டலமாக மடித்தேன். "அம்மாவுக்குக் கொண்டுட்டுப் போறேங்க" என்றேன். அந்த மதியம் நான் சொந்தமாகப் பேசியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், பசியில்லை என்பதைத் தவிர.

அதில் தவறு ஒன்றும் இல்லையே? வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூக்கி எறியவில்லை. அம்மா சாப்பிட்டால் நான் சாப்பிட்ட மாதிரிதான். ஜெகதீஷுக்குப் புரியும் என்று நினைத்தேன், அவரும் அம்மாவோடு இருக்கிறவர்தானே.

தெய்வானையம்மாள் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவப் போகவில்லை, அங்கேயே காகிதத்தில் துடைத்துக்கொண்டார். கை கழுவுகிற இடம் எங்கே என்று தெரியவில்லை போலிருக்கிறது. எனக்கும் தெரியாது. புது ஓட்டல்.

கிளம்பும்போது ஜெகதீஷ் என் பக்கத்தில் வந்து சொன்னார், "ஆறுனாக் கெட்டியாயிரும். சூடு பண்ணிக் குடுங்க." அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து சூடு பண்ணி அம்மாவுக்கு ஊட்டினேன். ஊட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பைச் சொன்னேன், நான்கு நான்காக வந்ததைச் சொன்னேன், போண்டாவுக்குள் சோறு இருந்ததைச் சொன்னேன். அம்மாவுக்கு ஒரு பக்கம்தான் சிரிப்பு வரும். அந்தப் பக்கம் முழுக்கச் சிரித்தார். அப்போது நான் சொன்னேன், "எனக்கு அவரப் புடிச்சிருக்கும்மா." வேறு யாரிடமும் சொல்லவில்லை. அம்மா யாரிடமும் போய்ச் சொல்ல முடியாதவர் இல்லையா, அதனால் தைரியமாகச் சொல்லிவிட்டேன். அம்மா நல்ல கையால் என் தலையைத் தடவினார்.

சாயங்காலம் அண்ணன் கீழே, அம்மாவின் கட்டில் இருக்கிற அறைக்கு வந்தார். "பாப்பா மேல படிக்கறா. நான் இங்கயே உக்காந்து அவுங்களுக்குப் போன் பண்ணிக்கறேன். நீ போய் அம்மாவுக்குப் பால் காச்சு" என்றார். நான் சமையலறைக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டார், தாளிக்கிற சத்தம் கேட்கக் கூடாது என்று. நான் தாளிக்கவில்லை, பால்தான் காய்ச்சினேன். இருந்தாலும் அவர் எப்போதும் அப்படி முன்யோசனையாக இருப்பார்.

பாலைக் கொண்டுபோனபோது பேசி முடித்துவிட்டிருந்தார். "அவுங்களுக்கு ஒத்து வராதாம் சுகந்தி" என்றார். "மனசுல வெச்சுக்காத. உனக்கு இதவிட நல்லதா வரும்." குரல் தழுதழுத்தது. அம்மா கட்டில் கம்பியை நல்ல கையால் அடித்துக்கொண்டிருந்தார். டங் டங்கென்று அடித்துக்கொண்டே இருந்தார். "பாரு, அம்மாவுக்கே எவ்வளவு வருத்தம்" என்று அண்ணன் அந்தக் கையைப் பிடித்து அமர்த்தினார். அம்மா கையை உதறிவிட்டார்.

அன்றையிலிருந்து அம்மாவுக்கு அண்ணனைக் கண்டால் ஆகவில்லை. உள்ளே வந்தால் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் அவர் ஆசையாக ஊட்ட வந்தபோது தட்டைத் தள்ளிவிட்டார். சட்டையெல்லாம் ரசம். இந்த நோய் வந்தால் காரணமில்லாமல் கோபம் வரும், அதுவும் நெருங்கினவர்கள் மேல்தான் வரும் என்று அண்ணி படித்திருக்கிறார். அண்ணன் பாவம். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

இதில் ஒன்று மட்டும் எனக்கு இடிக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தை கழிந்து ஒரு நாள் உழவர் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். யாரோ கையைப் பிடித்தார்கள். தெய்வானையம்மாள். எனக்கு முதலில் அவருடைய காலைப் பார்க்கத்தான் தோன்றியது. அங்கே செருப்புப் போட்டிருந்தார்.

"எப்படி இருக்கற அம்மிணி? அம்மா பேசறாங்களா?" என்றார். கொஞ்சம் கொஞ்சம் என்றேன். அப்புறம் சொன்னார், "எங்களப் புடிக்கலைன்னா அங்கயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் கண்ணு. அண்ணங்கிட்டச் சொல்லி விட்டயாமா. நீ சோத்தப் பொட்டலம் கட்டறப்பவே எனக்கு மனசுல பட்டுது. அவன்தான், 'இல்லம்மா, அவங்க அம்மாவுக்குத்தான் கொண்டுட்டுப் போறாங்க, இரு'ன்னு சொல்லிட்டுப் போனையே பாத்துட்டு உக்காந்திருந்தான்."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயதானவர்கள் அப்படித்தான், அக்கா. நடந்ததை மாற்றி மனதில் வைத்துக்கொள்வார்கள். வேண்டாம் என்று சொன்னது அவர்கள். இப்போது நாங்கள் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. திருத்தலாமா என்று யோசித்தேன். பெரியவர்களை நடுச்சந்தையில் வைத்துத் திருத்தினால் மனம் நோகும் என்று விட்டுவிட்டேன். கீரைக்காரர் வேறு மீதியை நீட்டிக்கொண்டே இருந்தார்.

ஜெகதீஷுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டதாம். அன்னூர்ப் பெண். "நல்ல புள்ளதான்" என்றார். சொல்லிவிட்டு என் கையை விட மனமில்லாமல் விட்டார்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "வேண்டாம்னு சொன்னது அவுங்களுக்கே இப்ப உறுத்துது. அதான் பழிய நம்ம மேல போடறாங்க. விடு" என்றார். விட்டுவிட்டேன். கணக்குப் படித்தவள் நான், சில சமயம் வேலை முடிந்து உட்கார்ந்தால் இது உதைக்கும். இரண்டு பக்கமும் ஒத்துவராது. அதற்காக அண்ணனைச் சந்தேகப்பட முடியுமா? சந்தேகப்பட்டுவிட்டு அதே வீட்டில் அவருக்கு எப்படிச் சோறு போடுவது? எனக்கு அவர்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? அதனால் அந்த அம்மாளுக்குத்தான் ஞாபகப் பிசகு. அப்படி வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாக வருகிறது.

அதன்பிறகு வரன் வரவில்லை. அண்ணன் இன்னும் சொல்லி வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

நீங்கள் மனம் தளர வேண்டாம், அக்கா. உங்கள் வீட்டுக்காரர் பேசுவார். இங்கே இந்த மிஸ், பாலக்காட்டுப் பெண், ரொம்பப் பொறுமை. அம்மாவுக்கு முதலில் ஒரு சத்தம்கூட வரவில்லை. இப்போது சொல் வருகிறது. போன வாரம் வீட்டில், அண்ணன் பக்கத்தில் இருக்கும்போதே, "தண்ணி வேணும் சுகந்தி" என்று சேர்த்துச் சொல்லிவிட்டார். என் பெயரோடு. நான் அழுதுவிட்டேன். அண்ணனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. இன்னும் மூன்று மாதம் விடாமல் வந்தால் நினைப்பதை முழுதாகச் சொல்லிவிடுவார் என்று மிஸ் சொன்னார்.

இல்லை, இனி வரப்போவதில்லை. அம்மாவுக்கு இன்றோடு நிறுத்துகிறோம். அண்ணன்தான் சொன்னார், அன்றைக்குச் சாயங்காலமே. "தண்ணி கேக்கற அளவுக்கு வந்துருச்சில்ல, போதும். வயசான காலத்துல அவுங்களப் போட்டு வாட்ட வேண்டாம். நீயும் ஆட்டோவுல ஏத்தி எறக்கி எளச்சுப் போயிட்ட" என்றார். நான் இளைத்தது அவருக்குத்தான் தெரிகிறது. மிஸ்ஸுக்குத்தான் வருத்தம். அவரிடம் நான் எப்படிச் சொல்வது, வீட்டில் முடிவு செய்தாகிவிட்டது.

கதவு திறக்கிறார்கள். அதோ, அம்மாதான். சக்கர நாற்காலியில் வருகிறார் பாருங்கள், அந்த வெள்ளைத் தலை. இன்றைக்கு முகம் வேறு மாதிரி இருக்கிறது.

என்னம்மா? இதோ, இங்கதான் இருக்கேன். இந்த அக்காகூடப் பேசிட்டிருந்தேன். என்ன? என் கைய ஏம்மா இப்படிப் புடிக்கறீங்க, வலிக்குது. மெதுவா.

"அவன்… சொன்னான்… நீ… வேண்டா…"

கேட்டீர்களா அக்கா, நான்கு வார்த்தை. சேர்ந்து வருகிறது. ஏதோ சொல்லப் பார்க்கிறார், வேர்த்துக் கொட்டுகிறது பாருங்கள். இப்படிச் சிரமப்படுவார் என்றுதான் அண்ணன் வேண்டாம் என்கிறார்.

போதும்மா. வாயத் தொடச்சு விடறேன், இருங்க. ஆட்டோ வந்திருக்கும், வீட்டுக்குப் போலாம். பேசாதீங்கம்மா, தொண்டை வலிக்கும்.